மாட்டுக்கு இடம் விடாத ஊர்

ஏரி நிரம்பினால் எந்த ஊருக்கும் சந்தோஷம்தான். கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்தில் மேலத்தெரு, கொல்லைமேடு, காலனி என்று மூன்று குடியிருப்புகளுக்கு மட்டும் அது வயிற்றில் புளியைக் கரைக்கும். மூன்றும் ஏரிக்குக் கீழே பள்ளத்தில் இருந்தன. ஐப்பசியில் நாலு மழை சேர்ந்தாற்போல் பெய்தால் ஏரித் தண்ணீர் நேராக அடுப்படிக்கு வந்துவிடும். சனங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடுவார்கள். தொண்ணூற்றாறில் பெய்த மழையில் பாதிச் சுவர்கள் கரைந்து போயின. அதற்குப் பிறகுதான் அரசாங்கம் மனசு வைத்து, ஏரிக்கு மேற்கே மேட்டு நிலத்தில் நாற்பது குடும்பத்துக்கு இடம் ஒதுக்கி, வீட்டுக் கடனும் கொடுத்தது. அதற்குப் புதுமேடு என்று பெயர் வைத்தார்கள்.

அரசாங்கம் கொடுத்தது அவ்வளவுதான். ஊர் எப்படி இருக்க வேண்டும் என்பதை அந்த நாற்பது குடும்பமும் தாங்களே கூடிப் பேசி முடிவு செய்தார்கள். இதை அந்தப் பக்கத்தில் இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார்கள். சொல்ல வேண்டியதுதான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் பள்ளிக்கூட வராந்தாவில் கூட்டம். கொல்லைமேட்டு ஆதிமூலம்தான் தலைவர். வேங்கிக்காலில் ஒரு ஆபீசில் படம் வரைகிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காதில் பென்சிலைச் செருகிக்கொண்டுதான் பேசவே ஆரம்பிப்பார்.

"மழைக்கு எல்லாரும் இதே வராந்தாவுல பாய் போட்டுப் படுத்தோம். யாரு தலைமாட்டுல யாரு கால் இருந்துச்சுன்னு எவனுக்காவது தெரியுமா? அப்புறம் இன்னாத்துக்குத் தெருவுக்குத் தெரு பிரிச்சுக்கினு? சீட்டுக் குலுக்கலாம். யாருக்கு எந்த வீடு வருதோ, அது அவுங்களுது" என்றார்.

முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள். ஆனாலும் படுத்த இடத்திலேயே உட்கார்ந்துகொண்டு அதை மறுத்துப் பேச யாருக்கும் வாய் வரவில்லை. மேலத்தெருக்காரரின் சுவருக்கு அந்தப் பக்கம் காலனிக்காரர், காலனிக்காரருக்கு எதிரே கொல்லைமேட்டுக்காரர் என்று சீட்டு விழுந்தது. இவ்வளவு பெரிய காரியத்தை இவ்வளவு லேசாகச் செய்து முடித்தவர்கள், மிச்சத்தைச் செய்யும்போதுதான் கோட்டை விட்டார்கள்.

மிச்சம் என்றால் ஊருக்கு என்னென்ன வேண்டும் என்பது. ஆதிமூலம் பெரிய தாளை விரித்து வைத்து ஒவ்வொருவரையாகக் கேட்டார். ஒருத்தர் நூலகம் என்றார். ஒருத்தர் பூங்கா என்றார். பூங்கா என்றால் சிமெண்டு பெஞ்சு வேண்டும் என்றார் இன்னொருத்தர். வேங்கிக்காலில் ஆபீசர்களுக்குக் கட்டியிருந்த புதுக் குடியிருப்பைப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் பார்த்துப் பார்த்து எல்லோருக்கும் கண் நிறைந்திருந்தது. அந்த நாற்பது பேரில் முப்பது பேருக்கு மேல் மாடு வைத்திருந்தவர்கள். ஒருத்தராவது மாட்டுக்கு இடம் விடுங்கள் என்று கேட்டாரா என்றால் இல்லை. கேட்டால் பட்டிக்காட்டான் என்று சிரிப்பார்களே என்று ஒவ்வொருத்தரும் அடுத்தவர் கேட்கட்டும் என்று இருந்துவிட்டார்கள். அதோடும் விடவில்லை. ஊர் சுத்தமாக இருக்க வேண்டும், ஆகவே எல்லைக்குள் மாடு கட்டக் கூடாது, எருக்குப்பை போடக் கூடாது என்று ஒரு தீர்மானமும் போட்டார்கள்.

தீர்மானத்துக்குக் கை தூக்கச் சொன்னபோது மேலத்தெரு அப்பாதுரை ஒரு கையில் வறுத்த வேர்க்கடலை, அந்தப் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டை, வைத்திருந்தார். இன்னொரு கையைத் தூக்கினார். பிறகு மல்லாட்டையைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு அந்தக் கையையும் தூக்கினார். நல்ல மனுஷர். ஊர் எதைச் சொன்னாலும் முதல் ஆளாக ஒத்துக்கொள்வார்.

அவர் மனைவி தங்கம்மாள் அந்தக் கூட்டத்தில் இல்லை. அவள் மட்டுமல்ல, மாடு வைத்திருந்த எந்தப் பெண்ணும் இல்லை. சாயங்காலம் பால் கறக்கிற நேரத்தில் கூட்டம் போட்டால் யார் வர முடியும்?

வீட்டுக்குத் தளம் போட்டு, பூச்சு வேலையும் முடிந்த பிறகுதான் தங்கம்மாள் புதுமேட்டுக்கு வந்து வீட்டைப் பார்த்தாள். கூட வந்தது கணவரும் மகள் வினோதினியும். வினோதினி திருவண்ணாமலையில் காலேஜ் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். தங்கம்மாள் அடுப்பு மேடையைத் தடவிப் பார்த்தாள். ஜன்னலைத் திறந்து மூடினாள். பின்பக்கம் போனாள், முன்பக்கம் வந்தாள், மறுபடியும் பின்பக்கம் போனாள்.

"எல்லாம் நல்லாத்தான் கீது. செவலைய எங்க கட்டறது?" என்று கேட்டாள்.

செவலை அவர்களுடைய பசு. கன்று போட்டு அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அப்பாதுரை அண்ணாந்து தளத்தைப் பார்த்தார்.

"மேல இன்னா பாக்கறீங்க? அது அங்கயா ஏறும்?"

"இந்த ஊர்ல மாடு கட்டக் கூடாதுன்னு தீர்மானம் போட்டுட்டாங்க."

"யாரு போட்டது?"

"எல்லாருந்தான்."

"நீங்க?"

"நானும் அங்கதான் குந்திக்கினு இருந்தேன்."

"குந்திக்கினு இருந்தீங்களா, கையத் தூக்கினீங்களா?"

வினோதினிதான், "நைனா ரெண்டு கையும் தூக்குச்சாம்மா. ஊரே சொல்லிச் சிரிக்குது" என்றாள்.

தங்கம்மாள் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். செவலைக்குத் தாய் மாடு அவள் கல்யாணத்தின்போது பிறந்த வீட்டிலிருந்து ஓட்டிவந்தது. வயலில் நெல் போனாலும் மல்லாட்டை போனாலும் பால்தான் அந்த வீட்டைத் தாங்கியது. வினோதினியின் காலேஜ் படிப்பே செவலையின் மடியில்தான் நடந்தது. இதெல்லாம் அப்பாதுரைக்கும் தெரியும். தெரிந்துதான் கையைத் தூக்கினார் என்பதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

"எனக்கு வீடு வேணாம். பழைய வீட்டுலயே இருந்துக்கறேன்" என்றாள்.

"பழைய வீட்டுல பின்னாடி சொவுரு எங்க கீது? தை மாசம் குடி வரலைன்னா அடுத்த ஆளுக்குக் குடுத்துடுவாங்களாம். மாட்ட வித்துடலாம் தங்கம். சடையன்கிட்டச் சொல்லிக்கீறேன். நம்பளுக்கு வேண்டிய ஆளு, நல்ல எடமாப் பாத்துத் தள்ளி உடுவாரு."

சடையன் அந்தப் பக்கத்து மாட்டுத் தரகர். அவர் பெயரைக் கேட்டதும் தங்கம்மாளுக்கு முகம் செத்துப்போயிற்று.

"எம்மா, கொஞ்சம் யோசிச்சுப் பாரு" என்றாள் வினோதினி. "என் துணிய மோந்து பாத்துட்டுப் பஸ்ல பொண்ணுங்க தள்ளி நிக்கறாங்க. இங்க வந்தா அது இருக்காதில்ல?"

"உன் துணில சாணி நாத்தம் இல்லன்னா உன் கையில புஸ்தகம் இருக்காதுடி" என்றாள் தங்கம்மாள்.

அன்றிலிருந்து தங்கம்மாள் கணவரோடு பேச்சை நிறுத்தினாள். களி கிண்டிக் கருவாட்டுக் குழம்பு வைத்தாள் என்றால் அதைத் தட்டில் போட்டு வைத்துவிட்டு மாட்டிடம் போய், "செவல, களி ஆறுதுன்னு சொல்லு" என்பாள். அப்பாதுரையும் வேறு வழியில்லாமல், "செவல, குழம்பு இன்னும் கொஞ்சம் ஊத்தச் சொல்லு" என்பார். செவலை இரண்டு பேரையும் பார்த்துவிட்டு மல்லாட்டைக் கொடியை மென்றுகொண்டிருக்கும்.

நாற்பது வீட்டுக்கும் ஒரே நாளில் பால் காய்ச்சுவது என்று கூட்டத்தில் முடிவாயிற்று. தை மாதத்தில் ஒரு நல்ல நாள், விடியற்காலை முகூர்த்தம். அன்றைக்கு மத்தியானம் வந்து செவலையை ஓட்டிக்கொண்டு போகும்படி சடையனுக்கு அப்பாதுரை சொல்லியிருந்தார்.

அந்த வாரம் ஆராயி வந்தாள். காலனிக்காரி. சீட்டில் தங்கம்மாள் வீட்டுக்கு அடுத்த வீடு அவளுக்கு விழுந்திருந்தது. நாலைந்து வருஷமாகத் தங்கம்மாள் வீட்டு மாட்டுக்குப் புல் அறுத்துப் போட்டவள் அவள்தான். பழைய பழக்கத்தில் வாசலுக்கு வெளியிலேயே நின்றாள்.

"யம்மா, பால் காய்ச்சறதுக்கு உங்களாண்டதான் கேக்கணும். பசும்பாலு கொஞ்சம் குடுத்தீங்கன்னா போதும். அப்புறம் இன்னொண்ணு, கேக்கவே பயமா கீது. மாட்டக் கன்னோட இட்டுக்கினு வந்து ஊட்டுக்குள்ள ஒரு நடை நடத்திட்டீங்கன்னா நல்லாருக்கும்."

புது வீட்டுக்குள் முதலில் பசுவும் கன்றும் நுழைய வேண்டும், பிறகுதான் மனுஷர்கள். பிறகு பால் பொங்க வேண்டும். அந்தப் பக்கத்தில் குடிசை போட்டால்கூட இதை விடமாட்டார்கள். அப்படிக் கேட்டு வந்தவர்களிடம் இல்லை என்ற சொல்லைச் சொல்லவும் மாட்டார்கள். புது வீட்டுக்கு முதலில் போய்ச் சேருகிற சொல் ‘இல்லை’ என்பதாக இருந்தால் அந்த வீட்டில் அப்புறம் எதுவும் தங்காது என்பது நம்பிக்கை.

"அதுக்கின்னா ஆராயி, தரேன்" என்றாள் தங்கம்மாள்.

மறுநாள் ஆராயிக்கு எதிர் வீடு விழுந்தவள் வந்தாள். அதற்கும் தரேன் என்றாள். அதற்கு மறுநாள் கொல்லைமேட்டிலிருந்து நாலு பேர் சேர்ந்து வந்தார்கள். வந்தவர்களில் மாடு வைத்திருந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி, எங்கள் மாட்டைத்தான் தள்ளிவிட்டோமே, உன்னிடம்தான் மிச்சமிருக்கிறது என்றார்கள். வாய்க்கால் ஓரத்தில் ஒருத்தி பிடித்துக்கொண்டாள், மாவு மில்லில் ஒருத்தி பிடித்துக்கொண்டாள். தங்கம்மாள் எல்லோருக்கும் தரேன், தரேன் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். கணக்குப் பார்த்தால் ஊரில் கேட்காத வீடு ஒன்றுதான் பாக்கி. அது தலைவர் வீடு.

பால் காய்ச்சுவதற்கு முதல் நாள் காலையில் ஆதிமூலமே வந்துவிட்டார். காதில் பென்சில் இருந்தது.

"தங்கம்மா, நம்ப வீட்டுக்கும் மாடு ஒரு தடவ வந்துட்டுப் போகணும். பாலும் வேணும்."

"தலைவரே, எல்லைக்குள்ள மாடு வரக் கூடாதுன்னு நீங்கதானே தீர்மானம் போட்டீங்க?"

"கட்டக் கூடாதுன்னுதாம்மா போட்டோம். வரக் கூடாதுன்னு போடல" என்றார் ஆதிமூலம். சொல்லும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

தங்கம்மாளுக்கு அவரை நாலு வார்த்தை கேட்க வேண்டும் போலத்தான் இருந்தது. மத்தியானம் விற்கப் போகிற மாட்டைக் காலையில் ஊர்வலம் விடச் சொல்கிறீர்களே, உங்களுக்கே நியாயமாக இருக்கிறதா என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் கேட்டது புது வீட்டுக்கு. "தரேன் தலைவரே" என்றாள்.

அவர் போனதும் அப்பாதுரை தலையில் கை வைத்துக்கொண்டார். "நாப்பது வீட்டுக்கும் தரேன்னுட்டியே. கன்னு குடிச்சது போக ஆறு லிட்டர் கறந்தா ஜாஸ்தி. விடிஞ்சா குடி போகப் போறோம், மொத நாளே ஊருல பேரு கெட்டுடுமே" என்று மாட்டைப் பார்த்துப் புலம்பினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கொஞ்சமாத் தண்ணி..." என்று இழுத்தார்.

தங்கம்மாள் திரும்பிப் பார்த்தாள். அவர் மிச்சத்தை விழுங்கிவிட்டார்.

வினோதினிதான் வழி சொன்னாள். "ஏம்மா, பால் எவ்ளோன்னு இன்னா கணக்கு? பொங்கணும், அவ்ளோதானே? எல்லாரையும் வீட்டுல இருக்கறதுலயே சின்ன ஏனமா எடுத்துக்கினு வரச் சொல்லு. பாதி டம்ளர் ஊத்தினா அதுவும் பொங்கும்."

தங்கம்மாளுக்கு மகள் மேல் இருந்த கோபம் பாதி அந்த இடத்திலேயே போய்விட்டது. வினோதினி அன்று பூராவும் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். பால் காய்ச்சுவதற்கென்றே பேர் வெட்டிப் பெரிய பெரிய பித்தளைப் பானை வாங்கி வைத்திருந்தவர்களுக்கெல்லாம் முகம் தொங்கிப்போயிற்று.

சாயங்காலம் செவலையையும் கன்றையும் ஏரிக்கரை வழியாகப் புதுமேட்டுக்கு ஓட்டிவந்தார்கள். எல்லைக்குள் கட்டக் கூடாதே. ஊர்ப் பெயர் எழுதிய பலகைக்கு அந்தப் பக்கம் முளையடித்துக் கட்டினார்கள். தங்கம்மாள் கோணிப்பையை மாட்டின் முதுகில் போர்த்திவிட்டு, மாட்டுக்குப் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுத்தாள். புது வீட்டு விளக்குகள் எல்லாம் அங்கிருந்து தெரிந்தன. அழகாகத்தான் இருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் வருத்தமாக இருந்தது.

தைப் பனி மண்ணை நனைத்திருந்தது. கருக்கலில் தங்கம்மாள் கன்றை அவிழ்த்துவிட்டு, அது முட்டி முட்டிக் குடித்துப் பால் இறங்கியதும் இழுத்துக் கட்டிவிட்டுக் கறந்தாள். செவலை அன்றைக்கு மனசாரக் கொடுத்தது. அவள் நிமிர்ந்து பார்த்தபோது ஊரே குளித்து, விபூதி பூசி, புதுத் துணி கட்டிக்கொண்டு நின்றது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு சின்னப் பாத்திரம். சங்கு, கிண்ணம், பிள்ளைகள் பால் குடிக்கிற டம்ளர். ஒருத்தர் தாளிக்கிற கரண்டியையே கொண்டுவந்திருந்தார்.

அப்போதுதான் யாரும் யோசிக்காத சங்கடம் ஒன்று வந்தது. மாடு யார் வீட்டுக்குள் முதலில் போவது?

மேலத்தெருப் பெரியவர் ஒருத்தர், "மாடு மேலத்தெருவுது. மொதல்ல மேலத்தெரு வீடுங்களுக்கு வரட்டும். அப்புறம் மத்தவங்களுக்கு" என்றார்.

"இன்னும் இன்னா மேலத்தெரு? அதான் ஏரில கரைஞ்சு போச்சே" என்றது கொல்லைமேட்டுக் குரல் ஒன்று.

காலனிக்காரர்கள் கொஞ்சம் பின்னால் நகர்ந்து நின்றுகொண்டார்கள். அந்த நகர்வை ஆதிமூலம் பார்த்துவிட்டார். இரண்டு வருஷம் பாடுபட்டு, ஏரிப் பள்ளத்தில் விட்டுவிட்டு வந்த மூன்று தெருவும், குடி வருவதற்கு முன்பே எல்லைப் பலகைக்குப் பக்கத்தில் திரும்ப முளைத்துவிட்டன. பாலோடு நின்ற தங்கம்மாளுக்கு முதலில் தன் வீட்டுக்குத்தான் போக வேண்டும் என்ற ஆசை இல்லாமல் இல்லை. வாயைத் திறந்து கேட்டால் சண்டைதான் என்பதும் புரிந்தது.

"யாரும் பேச வேணாம். நானு கயித்த உட்டுடறேன். அது எந்த வாசல்ல போயி நிக்குதோ, அதுதான் மொத வீடு. அப்புறம் அங்கருந்து வரிசையா" என்றாள்.

கயிற்றை அதன் கழுத்தில் சுற்றிவிட்டாள். செவலை கொஞ்சம் நின்று யோசித்தது. பிறகு கன்றைப் பின்னால் சேர்த்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தது. தலைவர் வீட்டுக் கோலத்தை மிதித்துக்கொண்டு போனது. மேலத்தெருப் பெரியவர் வாழைப்பழத்தை நீட்டிக்கொண்டு வழியில் நின்றார். பழத்தை வாங்கிக்கொண்டு அவரைத் தாண்டிப் போயிற்று. தங்கம்மாள் வீட்டு வாசல் வந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். செவலை அதையும் தாண்டி, அடுத்த வீட்டு வாசலில் போய் நின்று, ஆராயியின் கையை மோந்து பார்த்தது. புல்லுக்கட்டு எங்கே என்று தேடியது போலிருக்கிறது.

ஆராயி நடுங்கிப்போனாள். "யம்மா, இட்டுக்கினு போயிடுங்க. எல்லாரும் பாக்கறாங்க. நானு ஒண்ணும் பண்ணல" என்றாள்.

தங்கம்மாளுக்கு ஒரு நொடி பொறாமையாகத்தான் இருந்தது. பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்த மாடு பக்கத்து வீட்டுக்குப் போய் நிற்கிறது. அடுத்த நொடி ஆராயியின் கையைப் பார்த்தாள். அரிவாள் பிடித்துக் காய்த்த கை. செவலை அதை நக்கிக்கொண்டிருந்தது.

"யாரு பசிக்குப் போட்டாங்கன்னு அதுக்குத் தெரியுது. நமக்குத்தான் மறந்து போச்சு. நவுரு ஆராயி, உள்ள வரட்டும். இன்னும் இன்னா யம்மா கிம்மான்னுக்கினு? ஒரே சொவுரு நம்ப ரெண்டு பேருக்கும். அக்கான்னு கூப்பிடு."

"சரிங்கம்மா" என்றாள் ஆராயி. கூட்டம் சிரித்துவிட்டது. மேலத்தெருப் பெரியவரும் சிரித்தார், வேறென்ன செய்வது, பழமும் போயிற்று.

அதற்குப் பிறகு தடையில்லை. ஒவ்வொரு வீட்டிலும் உள்ளே போய்ச் சுற்றிவந்தால் உச்சி வெயில் ஆகிவிடும் என்பதால், படி தாண்டி இரண்டு கால் வைத்தால் போதும் என்று பேசிக்கொண்டார்கள். ஆதிமூலம் மட்டும் ஓய்வூதியப் பணத்தில் மொசைக் தரை போட்டிருந்ததால், மாடு கூடம்வரை வந்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். செவலையும் மரியாதையாகக் கூடத்தின் நடுவில் போய் நின்று, வாலைத் தூக்கி, தாராளமாகச் சாணி போட்டது. புது வீட்டில் பசு சாணி போட்டால் லட்சுமியே வந்து உட்கார்ந்த மாதிரி. ஊரைச் சுத்தமாக வைக்கத் தீர்மானம் போட்ட தலைவர், கன்னத்தில் போட்டுக்கொண்டு அந்தச் சாணியைக் கும்பிட்டார். வினோதினி சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடி வந்துவிட்டாள்.

கிழக்கு வெளுக்கும்போது முப்பத்தொன்பது அடுப்பில் பால் இருந்தது. சின்னப் பாத்திரம் என்பதால் சீக்கிரமே பொங்கிவிட்டது. "பொங்கிச்சா?" "பொங்கிச்சு, உங்களுது?" என்று சுவருக்குச் சுவர் கேட்டுக்கொண்டார்கள். பால் வழிந்து தீய்ந்த வாசனை தெரு முழுக்க நிறைந்தது. தங்கம்மாள் தன் வீட்டுக்கு என்று எடுத்துவைக்க மறந்துபோயிருந்தாள். ஆராயிதான் தன் கிண்ணத்தில் மிச்சமிருந்த ஒரு வாய்ப் பாலைக் கொண்டுவந்து, "இந்தாக்கா" என்று படி தாண்டி உள்ளே வந்து அடுப்பில் வைத்தாள். கரண்டியளவு பால். அதுவும் பொங்கியது.

மத்தியானம், ஊருக்குப் பொதுவாகக் கட்டியிருந்த கூடத்தில் எல்லோருக்கும் ஒரே பந்தி. கத்திரிக்காய் போட்ட சாம்பார், உருளைக்கிழங்கு, அப்பளம், தேங்காய்ப்பால் ஊற்றிய வெல்லப் பாயசம். தங்கம்மாள் இலை முன் உட்கார்ந்து பிசைந்துகொண்டே இருந்தாள், வாய்க்குப் போகவில்லை. வாசலில் செவலையும் கன்றும் நின்றன. அவள் கண் அந்த வழியிலேயே இருந்தது. பாயசம் ஊற்றும்போது சடையன் வந்து சேர்ந்தார். தோளில் புதுக் கயிறு தொங்கியது. அவரையும் உட்காரவைத்து இலை போட்டார்கள். நிதானமாகச் சாப்பிட்டு ஏப்பம் விட்டு எழுந்தார்.

"அப்பாதுரை, நேரமாவுது. இத எங்க கொண்டுபோயி உடணும்?" என்று கேட்டார்.

"எங்க விக்கறீங்களோ, அது உங்க இஷ்டம்" என்றார் அப்பாதுரை.

"விக்கறதா? நெஜமாவே விக்கறியா?"

"அதுக்குத்தானே வரச் சொன்னேன்."

சடையன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கூடத்தில் இருந்தவர்களை ஒரு சுற்றுப் பார்த்தார். பலர் இலையைக் குனிந்து பார்த்தார்கள்.

"ஏம்ப்பா, இந்த ஊர்லயே மாட்ட நெஜமா விக்கறேன்னு சொன்ன ஒரே ஆளு நீதான். மத்தவன் எவனும் விக்கல. நானேதான ஒவ்வொண்ணா ஓட்டிக்கினு போயி உட்டேன்? தோ அவுரு மாடு வேட்டவலத்துல மச்சான் வீட்டுல நிக்குது. அவுங்களுது ரெண்டும் கீழ்பென்னாத்தூர்ல மாமியார் வீட்டுல. இந்தத் தம்பிது அவலூர்பேட்டைல. எல்லாரும் ஒரே பாட்டுத்தான் பாடினாங்க. இப்பிடியே கொஞ்ச நாள் இருக்கட்டும், எவனாவது ஊருக்குள்ள மாட்டக் கொண்டாந்து கட்டுவான், அப்புறம் நம்பளும் கொண்டாந்துடலாம், யாருகிட்டயும் சொல்லாதேன்னாங்க. நானு எத்தினி பேருக்குத்தான் சொல்லாம இருக்கறது?"

தங்கம்மாள் எழுந்து நின்றாள்.

"மாட்ட ஒளிச்சு வச்சுக்கினு இன்னாத்துக்கு என்னாண்ட பாலுக்கு வந்தீங்க?"

ஆராயிக்கு எதிர் வீட்டுக்காரி, "அங்கருந்து பால் வந்தா மாடு இருக்கறது தெரிஞ்சுடுமே" என்றாள் மெல்ல.

யாரோ ஒருத்தர் களுக்கென்று சிரித்தார். பக்கத்தில் இருந்தவருக்கும் தொற்றிக்கொண்டது. கடைசியில் எல்லோரும் ஆதிமூலத்தைப் பார்த்தார்கள். அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்துக் கையில் உருட்டினார்.

"நம்ப எருமை அடி அண்ணாமலைல அக்கா வீட்டுல கீது" என்றார்.

"அதுக்குத்தான் பௌர்ணமி தவறாம கிரிவலமா தலைவரே?" என்று ஒரு குரல் கேட்டது. அதற்கப்புறம் சிரிப்பை யாராலும் நிறுத்த முடியவில்லை. ஆதிமூலமே கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அப்பாதுரை மட்டும் சிரிக்கவில்லை. ஊருக்காக மனசைக் கல்லாக்கிக்கொண்டு மாட்டை விற்கத் துணிந்த ஒரே மனுஷர், தனியாக ஏமாந்துபோன முகத்தோடு, "என்கிட்ட ஏம்பா யாரும் சொல்லல?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்.

சடையன் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, "நானு கெளம்பறேன். நாளைலருந்து எல்லாத்தயும் திரும்ப ஓட்டிக்கினு வரணும், நெறைய வேலை கீது" என்றார். அவர் வெறுங்கையோடு படி இறங்கிப் போவதைப் பார்த்தபோதுதான் தங்கம்மாளுக்கு அழுகை வந்தது. இத்தனை நாளும் அடக்கி வைத்திருந்தது. செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, ஊர் பார்க்கிறதே என்றுகூட நினைக்காமல் அழுதாள். வினோதினி பக்கத்தில் போய் நின்று, புதுப் பாவாடையில் சாணி படுவதைப் பார்த்தும் பார்க்காமல், கன்றைப் பிடித்துக்கொண்டாள்.

சிரிப்பு அடங்கியதும் ஆதிமூலம் ஊர்ப் படத்தைக் கொண்டுவந்து இலை எடுத்த இடத்தில் விரித்தார். பூங்கா என்று எழுதியிருந்த இடத்தை ரப்பரால் அழித்தார். அது பெரிய இடம், ஊர் மாடு எல்லாவற்றுக்கும் போதும் என்றார்கள். பென்சிலை எடுத்தவருக்குத் தயக்கம் வந்தது. நாளைக்குப் பெரிய ஆபீசர்கள் பார்க்கிற படம்.

"இங்க இன்னான்னு எழுதலாம்? கால்நடைப் பராமரிப்பு வளாகம்னு போட்டா கௌரவமா இருக்குமா?" என்று கேட்டார்.

தங்கம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"மாட்டுக் கொட்டாய்னே எழுதுங்க தலைவரே. வெக்கப்பட்டுக்கினு வேற பேரு எழுதினா அதுலயும் பெஞ்சுதான் வந்து நிக்கும்."

ஆதிமூலம் பென்சிலை அழுத்திப் பிடித்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி பெரிய எழுத்தில் எழுதினார்.